மோப்பம் சாரும் பதினோரு மணிச் சோறும்

சிராங்கூன் சாலையில் மோப்பம் சாரைப் பார்த்து நடுங்காத இட்லி ஒன்றுகூடக் கிடையாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள், அவர் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழையும்போது கல்லாவில் இருப்பவரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். "வாங்கண்ணே, வாங்க" என்று வாய் சொல்லும். கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போய்ச் சமையற்கட்டுக்கு ஒரு சைகை காட்டும். நேற்றைய சாம்பாரைத் தூக்கி உள்ளே வை என்று அதற்குப் பொருள்.

இத்தனைக்கும் அவர் அதிகாரி இல்லை. கையில் அதிகாரமும் இல்லை, கழுத்தில் அட்டையும் இல்லை. அவர் செய்தியாளர், அதுவும் யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளத் துணியாத செய்தியாளர். இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு மாத இதழில் பல வருடம் குப்பை கொட்டினார். ஒரு நாள் அவர் கட்டுரையின் கடைசிப் பத்தியை ஆசிரியர் வெட்டிவிட்டார். விளம்பரம் கொடுப்பவர் மனம் நோகுமாம். "அப்ப அவரையே எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மேசை டிராயரைக் காலி செய்துகொண்டு வெளியே வந்தார். பிறகு இணையத்தில் 'உள்ளபடி' என்று ஒரு பக்கம் தொடங்கினார். வாரம் ஒரு கட்டுரை, வியாழக்கிழமை காலை. படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. "அதையெல்லாம் யாரு படிக்கிறா?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் பெரிய மனிதர்கள் வியாழக்கிழமை காலையில் மட்டும் கழிவறையிலிருந்து வெளியே வர நேரமாகும் என்று அவர்கள் மனைவிமார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல் மாடியில், செங்குத்தான மரப்படி ஏறினால் என் அலுவலகம். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம், பள்ளிக்கூட மார்க்கு என்று எது வந்தாலும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி முத்திரை குத்திக் கொடுப்பேன். மோப்பம் சார் ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டுதான் வந்தார். ஜன்னலோரம் ஒரு மேசை காலியாக இருந்தது. "காத்து நல்லா வருதேம்மா கிளாரா" என்று உட்கார்ந்தார். வந்தவருக்கு மரியாதையாக ஒரு தே, இங்கே டீக்கு அதுதான் பெயர், வாங்கிக் கொடுத்தேன். அங்கேதான் நான் தப்பு செய்தேன். போன வருடம் மகள் வற்புறுத்திக் கிளமெண்டிக்குக் கூட்டிக்கொண்டு போகும்வரை, ஆறு வருடம் அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்துப் பழுதான மின்தூக்கிகளுக்குக் கெட்ட காலம், அவற்றைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பட்டப்பெயர் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவரைப் பார்த்தால் முதலில் மூக்கு தெரியும். கொஞ்சம் பொறுத்துத்தான் ஆள் தெரிவார். எதையும் வாயில் வைப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பார். சாப்பாட்டை மட்டுமல்ல, கல்யாணப் பத்திரிகையையும் முகர்ந்து பார்ப்பார். "இந்தத் தாளு விலை ஜாஸ்தி. பொண்ணு வீட்டுல கடன் வாங்கிருக்காங்க" என்பார். அவருடைய உண்மையான பெயர் கோயில் குருக்களுக்கும் குடிநுழைவுத்துறைக்கும் மட்டுமே தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது, நான் கேட்டதுமில்லை.

அவருடைய சாகசங்களில் எனக்குப் பிடித்தது டியூஷன் நிலையம். கிளமெண்டி பக்கம் ஒரு டியூஷன் நிலையத்தில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். 'எங்களிடம் படித்து முதலிடம் பெற்றவர்கள்' என்று நான்கு பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மோப்பம் சார் உள்ளே போய், அறுபது வயதுக்கு மேல், உயர்நிலைத் தமிழ் வகுப்பில் மாணவராகச் சேர்ந்துவிட்டார். முதல் நாளே கையைத் தூக்கினார்.

"டீச்சர், அந்தப் படத்துல ரெண்டாவதா இருக்கே, கண்ணாடி போட்ட புள்ள, அது எந்த பெஞ்சுல உக்காரும்? பக்கத்துல உக்காந்தா எனக்கும் கொஞ்சம் வரும்ல?"

டீச்சர் பேந்தப் பேந்த விழித்தார். மூன்றாவது வாரம் உண்மை வந்துவிட்டது. நான்கு பேரும் உரிமையாளரின் அக்கா வீட்டுப் பிள்ளைகள். ஈப்போவில் இருக்கிறார்கள். கடற்பாலத்தைத் தாண்டி இந்தத் தீவுக்கு வந்ததே இல்லை. வியாழக்கிழமை கட்டுரை வந்தது. வெள்ளிக்கிழமை பேனர் இறங்கியது. கட்டுரையின் கடைசி வரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: 'மூன்று வாரமும் நான் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று டீச்சர் கூறியது உண்மை.'

அதுதான் அவருடைய வியாதி. உண்மை என்று வந்துவிட்டால் தன்னையும் விட மாட்டார். கேலாங் பக்கம் ஒரு சங்கம் வருடா வருடம் 'சமூகத் தொண்டர்' விருது கொடுக்கும். வாங்கியவர்களில் பாதிப்பேர் சங்கத்துச் செயற்குழு, மீதிப்பேர் அவர்களுடைய சம்பந்தி வகையறா என்று இவர் பட்டியல் போட்டு எழுதினார். சங்கத் தலைவர் கெட்டிக்காரர். அடுத்த வருடம் விருதை இவருக்கே கொடுத்துவிட்டார். வாயை அடைத்தாயிற்று என்று எல்லோரும் நிம்மதியாகக் கேசரி சாப்பிட்டார்கள். இவரும் பொன்னாடையோடு சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை 'எனக்கு விருது கொடுத்தது ஏன் முறைகேடு' என்று கட்டுரை வந்தது. தான் எந்தத் தொண்டும் செய்ததில்லை என்பதற்கு மூன்று சாட்சிகளைப் பேட்டி கண்டிருந்தார். அதில் ஒரு சாட்சி நான்.

எழுதும் விதத்திலும் அவர் தனி. அடைமொழி என்றால் ஆகாது. நான் பிழை திருத்தும்போது கை அரித்து எங்கேயாவது 'கொடுமையான' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவேன். அதைத் தேடிப் பிடித்து எடுத்துவிடுவார்.

"கொடுமைன்னு நம்ம ஏம்மா சொல்லணும்? படிக்கிறவன் சொல்லட்டும்."

"கொஞ்சம் உணர்ச்சி வேணும் சார்."

"உணர்ச்சி வேணும்னா சீரியல் பாரும்மா."

ஆனால் அவரை மற்ற செய்தியாளர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது இன்னொரு பழக்கம். கட்டுரையை வெளியிடுவதற்கு முன்னால், அது யாரைப் பற்றியதோ அவரிடமே நேரில் போவார். எதிரில் நின்றுகொண்டு, வானொலிச் செய்தி வாசிக்கும் குரலில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டுவார். படித்து முடித்து, "இதுல ஏதாச்சும் தப்பு இருக்குங்களா?" என்று பணிவாகக் கேட்பார்.

இதைவிட முட்டாள்தனம் உண்டா என்று நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இனிப்புக் கடைக்கு அவரோடு போகும்வரை அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கடை வாசலில் 'தினமும் புதிது' என்று பலகை. இவர் வாசிக்கிறார்: "இங்கே விற்கப்படும் லட்டு நான்கு நாள் பழையது." கடைக்காரர் மேசையில் ஓங்கித் தட்டி எழுந்தார்.

"நாலு நாளா? யாருகிட்ட கதை விடுறீங்க? ரெண்டே நாளு! என் கடையில மூணாவது நாள் லட்டு இருந்தா நான் மீசைய எடுத்துடுறேன்!"

"ரெண்டு நாள்னு மாத்திக்கிறேங்க" என்று சொல்லி மோப்பம் சார் பேனாவை எடுத்தார். கடைக்காரர் இன்னமும் கோபத்தில், "மாத்துங்க! எழுதுறத ஒழுங்கா எழுதணும்!" என்று மிரட்டியே அனுப்பினார். நம் ஆட்களுக்குத் திருட்டுப் பட்டம் கொடுத்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள்; விவரத்தைத் தப்பாகச் சொன்னால் மட்டும் ரோஷம் வந்துவிடும். மோப்பம் சார் அந்த ரோஷத்தை நம்பித்தான் இத்தனை வருடம் தொழில் செய்தார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கட்டுமான வேலை செய்கிற ஒருவர் என் அலுவலகத்துப் படியேறி வந்தார். அவர் பெயரை முத்துராஜா என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஊர் திரும்பிவிட்டார். போன மாதம் போனில் "இனிமே எழுதுங்கக்கா, பரவால்ல" என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அவர் வேலை செய்த இடம் எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. கையில் ஒரு சோற்றுப் பொட்டலம் வைத்திருந்தார்.

"சார் மோந்து பாத்தே சொல்லிடுவாருன்னு சொன்னாங்க" என்று கூச்சத்தோடு பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பிரித்ததும் நான் ஜன்னல் பக்கம் ஓடினேன்.

விஷயம் இதுதான். வேலைக்காரர்களுக்குக் காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒரு கேட்டரிங் முதலாளி சேர்த்தே விடியற்காலையில் லாரியில் அனுப்பிவிடுவார். மத்தியானப் பொட்டலங்கள் வேலியோரம், தார்ச்சாலையில், வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் குழம்பு நுரைத்திருக்கும். முத்துராஜாவின் அறையில் இருந்த ஒருவருக்கு வயிறு கெட்டு ஒரு வாரம் படுக்கை.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லலியா?" என்று கேட்டேன்.

"சொன்னவரு ஒருத்தரு போன மாசம் ஊருக்குப் போயிட்டாருக்கா. வேலை பெர்மிட்ட புதுப்பிக்கல. எனக்கு ரெண்டு மாசத்துல முடியுது. வீட்டுல ரெண்டு தங்கச்சி. என் பேரு மட்டும் வெளிய வந்துடக் கூடாது சார்."

மோப்பம் சார் பொட்டலத்தை மூடினார். "எந்தப் பேரு?" என்று கேட்டார். முத்துராஜாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்.

அதற்குப் பிறகு மோப்பம் சார் செய்த காரியத்தை ஜாலான் புசாரில் பலர் பேய் வேலை என்று நினைத்தார்கள். தினமும் பதினொன்றரை மணிக்கு அவர் வேலிப் பக்கம் போவார். வரிசையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுப்பார். அந்த இடத்தில் ஒரு சூடான பிரியாணிப் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்துவிடுவார். எடுத்ததை என் அலுவலகத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவார். வேலையிடத்தில் தினமும் யாரோ ஒருவருடைய சோறு பிரியாணியாக மாறும் அதிசயம் பரவி, மத்தியானமானால் பொட்டலங்களை முகர்ந்து முகர்ந்து எடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். 'மாரியம்மா வேலை' என்று ஒருவர் தேங்காய் உடைக்கவும் நேர்ந்துகொண்டார்.

நான் சண்டை போட்டேன். "ஒரு நாள் ருசி பாத்தா போதாதா சார்? வயசு என்ன ஆகுது உங்களுக்கு? நாலு வாய் தின்னுட்டு எழுத வேண்டியதுதானே?"

"சாப்புடும்போது பேசாதம்மா" என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். அந்த மூக்கைப் பிடிக்க இரண்டு விரல் போதவில்லை.

பத்து நாள் சாப்பிட்டார். பதினோராவது நாள் ஆஸ்பத்திரி. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தார். மோப்பம் சார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார்.

"என்ன சார், கெட்டுப் போச்சா?"

"நல்லா இருக்கும்மா. எழுதறதுக்கு ஒண்ணுமில்ல."

அடுத்த வியாழக்கிழமை கட்டுரை வந்தது. 'சோறு வெள்ளையாக இருந்தது. குழம்பு பழுப்பாக இருந்தது. இரண்டும் ஒரே வாசனையாக இருந்தன. பத்து நாள் சாப்பிட்டேன். பதினோராவது நாள் முடியவில்லை.' இப்படியே போகும். நடுவில் ஒரு வரி: 'இந்தச் சோறு விடியற்காலை மூன்று மணி வாக்கில் சமைக்கப்படுகிறது.' நான் எந்தச் சொல்லையும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தோன்றவில்லை. முதல் முறையாக அந்தக் கட்டுரை தெருவைத் தாண்டி ஓடியது. என்னுடைய ஒன்றுவிட்ட தங்கை கிளமெண்டியிலிருந்து, என் மாமியார் வேறு எங்கிருந்தோ, எனக்கே அதை அனுப்பிவைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் இந்த ஒரு கட்டுரையை மட்டும் அவர் முதலாளியிடம் போய் வாசித்துக் காட்டவில்லை. அதற்கான பலன் நான்கு நாளில் வந்தது. லாயர் லெட்டர். கெட்டித் தாள், என் அலுவலக முகவரி. விஷயம் சுருக்கமாக இரண்டே. ஒன்று, 'மூன்று மணிக்குச் சமைக்கப்படுகிறது' என்பது முழுப்பொய். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தமும் மன்னிப்பும் ஏழு நாளில் வெளியிட வேண்டும். இரண்டு, இந்தப் பொய்யைச் சொன்ன ஆளின் பெயரைத் தர வேண்டும்.

நான் பயந்தாங்கொள்ளி. ஒத்துக்கொள்கிறேன். "ஒரு ஸாரி போட்டுட்டு விடுங்க சார். என்ன கெட்டுப் போச்சு? பெரிய இடத்துல நமக்கு எதுக்கு வம்பு?"

அவர் லெட்டரை மூன்று முறை படித்தார். பிறகு முகர்ந்தார்.

"தப்பு இருந்தா மன்னிப்புக் கேக்கணும். அதுல வெக்கம் என்னம்மா? இந்த மூணு மணிய நான் கண்ணால பாக்கல. தம்பி சொன்னாரு, லாரி அஞ்சு மணிக்கு வருது, அப்ப மூணுக்கு சமைச்சிருப்பாங்கன்னு. கேட்டத வெச்சு எழுதிட்டேன். லாயரு சொல்றது சரியா இருக்கலாம். போய்க் கேப்போம்."

"எங்க போய்?"

"முதலாளிகிட்டதான். நான் அவருக்கு வாசிச்சுக் காட்டவே இல்லையே. பாவம்."

என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். தீவின் வடக்குப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில், மூன்றாவது மாடியில், காலை பத்து மணிக்கு முதலாளியின் அறை. முதலாளி ஆறடி உயரம். பாத்திரம் கழுவ வந்து, சமையல்காரராகி, இன்று பத்து லாரி வைத்திருக்கிற ஆள். அதை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லுவார், எங்களுக்கும் சொன்னார். பக்கத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு கிளார்க் பெண்.

மோப்பம் சார் எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டு வானொலிக் குரலில் வாசிக்கத் தொடங்கினார். சோறு வெள்ளை, குழம்பு பழுப்பு எல்லாவற்றையும் முதலாளி நாற்காலியில் சாய்ந்து பொறுமையாகக் கேட்டார். 'மூன்று மணி' வந்ததும் நாற்காலி நிமிர்ந்தது.

"நிறுத்துய்யா! மூணு மணியா? எந்தச் சோம்பேறிப் பய சொன்னான் உனக்கு? மூணு மணிக்கு எந்திரிச்சு சமைச்சா அஞ்சு மணி லாரிய எவன் புடிக்கிறது? என் கிச்சன்ல ராத்திரி பதினோரு மணிக்கெல்லாம் சோறு வடிச்சு முடிஞ்சிரும், தெரியுமா? பன்னெண்டுக்குப் பாக்கெட் ரெடி. இத்தன வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் லேட்டுன்னு எவனாச்சும் சொல்லச் சொல்லு லா!"

கிளார்க் பெண் இருமினாள். மறுபடி பலமாக இருமினாள்.

"தண்ணி குடிம்மா" என்று முதலாளி அவளிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "உழைப்புய்யா, உழைப்பு!"

"ராத்திரி பதினொண்ணுங்களா?" என்று மோப்பம் சார் பேனாவை எடுத்தார்.

"பின்ன?"

"முந்தின நாள் ராத்திரி?"

"ஆமாய்யா! எழுதிக்க!"

மோப்பம் சார் எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன். பிறகு அவர் கையை நீட்டி விரல்களை மடக்க ஆரம்பித்தார். பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். இரண்டு கையும் முடிந்து மீண்டும் முதல் கைக்கு வந்தபோது முதலாளியின் முகம் மாறியது. மத்தியானம் பன்னிரண்டு வர இன்னும் மூன்று விரல் பாக்கி இருந்தது.

கிளார்க் பெண் இருமலை நிறுத்திவிட்டாள்.

முதலாளி குரலை இறக்கினார். "இங்க பாருங்க சார். எனக்கு உங்க மேல கோவமில்ல. எவனோ ஒருத்தன் உங்கள தூண்டி விட்டிருக்கான். பேரச் சொல்லுங்க, போதும். லெட்டர வாபஸ் வாங்கிக்கிறேன். மன்னிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு பேரு."

அந்தப் பெயர் எனக்கும் தெரியும். என்னிடம் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தைரியமாக இருந்திருப்பேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

மோப்பம் சார் சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். தன் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

"இதுதாங்க பேரு. எழுதிக்குங்க. உங்க சோத்த பத்து நாள் தின்னது நான். படுத்தது நான். எழுதினது நான். எனக்கு வேற யாரும் சொல்ல வேணாம். என் வயிறு சொல்லிச்சு. கேஸு போடுறதா இருந்தா என் வயித்து மேல போடுங்க. ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு, அத சாட்சிக்குக் கூப்பிடுறேன்."

அப்போதுதான் எனக்கு அந்தப் பத்து நாள் புரிந்தது. ஒரு வாய் சாப்பிட்டால் ருசி தெரியும். பத்து நாள் சாப்பிட்டால்தான் வேறு யாருடைய பெயரும் தேவைப்படாத சாட்சியாக ஆக முடியும். இதை வீம்பு என்று நினைத்து நான் அவரைத் திட்டியிருக்கிறேன். அந்த அறையிலேயே எனக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை 'உள்ளபடி'யில் லாயர் கேட்டபடியே மன்னிப்பு வெளிவந்தது. அதே பக்கம். எழுத்து மட்டும் கேட்டதைவிடக் கொஞ்சம் பெரிது.

'சோறு விடியற்காலை மூன்று மணிக்குச் சமைக்கப்படுகிறது என்று எழுதியது தவறு. அது முந்தின நாள் இரவு பதினோரு மணிக்கே சமைக்கப்பட்டுவிடுகிறது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தாமதமானதில்லை என்றும் முதலாளி தெரிவித்தார். அவருடைய உழைப்பைக் குறைத்து எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

லாயரிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு கடுதாசியும் இல்லை. ஆனால் வேலையிடத்தில் சும்மா விடவில்லை. மேலாளர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, யார் பேசினது என்று கேட்டாராம். யாரும் வாய் திறக்கவில்லை. சந்தேகப்பட்டியல் ஒன்று போட்டிருக்கிறார்கள் என்றும் அதில் நான்கு பேர் என்றும் காதுக்கு வந்தது. முத்துராஜாவின் பெர்மிட் முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. அந்த வாரங்களில் மோப்பம் சார் ஒரு கட்டுரைகூட உருப்படியாக எழுதவில்லை. ஜன்னல் வழியாக அந்த வேலையிடத்தின் கிரேனையே பார்த்துக்கொண்டிருப்பார். தே ஆறிப்போகும். "நான் எழுதாம இருந்திருந்தா அந்தத் தம்பி நிம்மதியா இருந்திருப்பாரு இல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

ஒரு சனிக்கிழமை, சரியாகப் பன்னிரண்டு மணி. மரப்படியில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். வேலையிடத்திலிருந்து நான்கு பேர், தலைக்கவசத்தோடு, புழுதியோடு, வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார்கள். மூன்று பேரை எனக்குத் தெரியாது. நான்காவது ஆள் முத்துராஜா. கையில் ஒரு சோற்றுப் பொட்டலம். இந்த முறை அதிலிருந்து ஆவி வந்தது.

"சார், இப்பல்லாம் மத்தியான சாப்பாடு தனி லாரில வருது சார்! பதினொண்ணரைக்குத்தான் வருது! சூடு பாருங்க!" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் செல்ஃபி எடுக்க போனைத் தூக்கிவிட்டார்.

முத்துராஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது. "சார், எனக்கு பெர்மிட்டு ரெண்டு வருஷம் போட்டுட்டாங்க சார். அன்னிக்கு நான் இங்க வந்து..."

"யாரு தம்பி நீங்க?" என்றார் மோப்பம் சார்.

முத்துராஜா தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்டினார்.

"உங்கள நான் பாத்ததே இல்லயே. ஆள் மாத்தி வந்துட்டீங்க போல. செல்ஃபிலாம் வேணாம்ப்பா, உள்ள வைங்க. சாப்பாட்டு நேரம், நாலு பேரும் போய்ச் சாப்பிடுங்க."

முத்துராஜா என்னைப் பார்த்தார். நான் என் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கூட வந்த மூன்று பேரையும் ஒரு முறை திரும்பிப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அந்த மூவரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் ஒரு பெயர் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. முத்துராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா சார். தப்பா வந்துட்டேன் சார்" என்றார். பொட்டலத்தை மேசை ஓரத்தில் வைத்தார். நான்கு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

மோப்பம் சார் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. முகரவும் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்துக்கொண்டு, அந்தச் சூடு ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைக்கவும் அவர் கையை எடுக்கவில்லை. நான் பார்க்காத மாதிரி யாருடைய கல்யாணப் பத்திரத்தையோ மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்தப் பொய்க்காக அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இதுவரை அவரிடம் சொன்னதில்லை.